தரையைக் கழுவச் சொன்னது யார்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான். எனக்கு எதிரே வக்கீலம்மா. அவருக்கு வலது பக்கம் மொழிபெயர்க்க வந்த தம்பி. ஜன்னலோரத்தில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாத வெள்ளைக்காரப் பெண். ஆக நாலு பேர். என் வீட்டுக்காரர் முதல் பத்து நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்; பிறகு அவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். லாட்ஜ் மேனேஜர் இரண்டு தடவை சாயா கொண்டுவந்தார். இரண்டாவது தடவை கதவைத் தட்டாமல் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். இருந்தவர் யார், வந்துபோனவர் யார், எவ்வளவு நேரம் என்று பிரித்துச் சொல்ல வக்கீலம்மாதான் பழக்கிவிட்டார். இப்போது கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, பெயரும் ஊரும் இல்லாமல் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசியாக வந்த கடிதத்தில் இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. அந்த வழக்கில் எனக்கே பெயர் கிடையாது, நம்பர்தான். நான் வேலை செய்த நாட்டின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சண்டை நடந்த நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் இருந்தது மார்த்தாண்டத்தில், ஜங்ஷனைப் பார்த்த மாடி. கீழே லாரி ஹாரன் அடித்தால் தம்பி வாயை மூடிக்கொள்வார், ஜன்னலோரப் பெண் தட்டுவதை நிறுத்துவாள், எல்லோரும் காத்திருப்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பேசியதைவிடக் காத்திருந்த நேரம்தான் அதிகமோ என்று தோன்றும்.

நாங்கள் கீரிப்பாறையிலிருந்து முதல் பஸ்ஸுக்கே இறங்கி வந்திருந்தோம். வீட்டுக்காரர் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முந்தின நாள் பெய்த மழையில் மரம் நனைந்து வெட்டு இல்லாமல் போனதால் அவரால் என்கூட வர முடிந்தது. மழை பெய்திருக்காவிட்டால் நான் தனியாகத்தான் வந்திருப்பேன். தனியாக வந்திருந்தால் பழைய வாக்குமூலத்தில் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கவும் மாட்டேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு நெஞ்சில் நோவு வந்து படுத்ததும் அம்மாவோடு அண்டியாபீஸுக்குப் போனேன். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொட்டைத்தோலின் எண்ணெய் பட்டுக் கைவிரல் எல்லாம் கறுத்துப்போகும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்தது. போன முதல் நாள் எனக்குப் பாடம் நடத்தினாள் குளச்சல் பக்கத்துக்காரி ஒருத்தி. அங்கே எனக்கு முன்பே ஐந்து வருஷம் தரை துடைத்தவள்.

“மக்கா, இஞ்ச எவன் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். சிஸ்டர் சொன்னாங்க. கட்டிலை நீ நீக்கினியா? சிஸ்டர் சொன்னாங்க. நீக்கல்லியா? சிஸ்டர் சொல்லல்ல. உனக்க தலையில எதையும் ஏத்தி வைக்காத. வெளங்குதா?”

“சிஸ்டர் சொல்லாமலே செய்தா?”

“அப்பவும் சிஸ்டர் சொன்னாங்கதான். சிஸ்டருக்கு நூறு பேரு உண்டும் கேக்கதுக்கு. உனக்கு யாரு உண்டும்?”

பதினோரு வருஷம் அப்படித்தான் பிழைத்தேன். கண்ணாடிக் குப்பி உடைந்ததற்கும், பினாயில் சீக்கிரம் தீர்ந்ததற்கும், ஈரத் தரையில் ஒரு டாக்டர் வழுக்கினதற்கும் சிஸ்டர்தான் சொன்னார்கள். சிஸ்டர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். எங்களுக்கு மேலே இருந்த மேட்ரன் அதிர்த்திக்கு, கேரள எல்லைக்கு, அந்தப் பக்கத்துக்காரர், மலையாளி. அவருக்கு எங்கள் தந்திரம் நன்றாகவே தெரியும். சில நாள் காலையில் என்னைப் பார்த்ததும், “இன்னு ஞான் எந்தொக்கெ பறஞ்ஞு?” என்று கேட்பார். இன்றைக்கு நான் என்னென்ன சொன்னேன் என்று என்னிடமே கேட்டுச் சிரிப்பார்.

அந்த நாளைப் பற்றி மொத்தம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். இது நாலாவது. அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்க வைக்கும் வார்டு. பதினொரு கட்டில், ஒன்பது நோயாளிகள். காலை ரொட்டி கொடுத்து முடிந்த நேரம். நான் ஜன்னல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்னாலேயே வருவதுதான் எங்கள் முறை, துடைத்த இடத்தில் நம் கால் படாது. அதனால் வாசலுக்கு முதுகு காட்டி நின்றேன். துப்பாக்கியோடு ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தவன் கையில் ஒரு தாள். அதைப் பார்த்து நாலு பெயர் வாசித்தான். மூன்று பேரைத் தூக்கி நிறுத்திக் கொண்டுபோனார்கள். நாலாமவருக்கு உடைந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தது, வாசலோரக் கட்டில். அவிழ்க்கத் தெரியவில்லை, அவிழ்க்கப் பொறுமையும் இல்லை. அங்கேயே சுட்டுவிட்டார்கள். அழுக்குத் துணி போடும் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து நான் பார்த்தேன். தாளை வைத்திருந்தவன் போகும்போது திரும்பி வார்டை ஒரு தடவை பார்த்தான். அந்த முகத்தைத்தான் பிறகு போட்டோவில் அடையாளம் காட்டினேன். கொண்டுபோன மூன்று பேரும் திரும்பி வரவே இல்லை.

டியூட்டியில் இருந்த நர்ஸ் ஓடிவிட்டாள். இரண்டு பேர் வந்து செத்தவரைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். நான் எழுந்து கழுவத் தொடங்கினேன்.

கட்டில் விரிப்பை உருவி பிளீச்சில் போட்டேன். மெத்தை உறையையும் போட்டேன். தரையில் மூன்று வாளி வெள்ளம் ஊற்றித் தேய்த்தேன். கட்டிலுக்கடியில் விரல் நீளத்துக்கு இரண்டு பித்தளைக் கூடு கிடந்தது, தோட்டா வெளியே போனபின் மிஞ்சுவது. கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் போட்டு, பையைக் கட்டி, எரிக்கிற இடத்துக்கும் அனுப்பிவிட்டேன். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம் இருக்கும். வேலை அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் செய்ததில்லை.

அப்புறம்தான் மேட்ரன் வந்தார். சண்டைச் சத்தத்தில் பிள்ளைகள் வார்டை விட்டு வர முடியாமல் அங்கே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வாசலில் நின்று ஈரத் தரையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

“எந்தினா நீ இது கழுகியே? நாளெ ஆரெங்கிலும் சோதிச்சால் நம்மள் எந்து காணிக்கும்?”

எதற்காகக் கழுவினாய், நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்று கேட்டார். அவர் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, துடைத்த தரை அழுக்காகிவிடக் கூடாதே என்று வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியைக் காலி செய்தோம். எல்லைக்குப் போகும் பஸ்ஸில் அவருக்கு எழுதியிருந்த இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து கொஞ்ச காலம் கழித்து, நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, அந்தச் சண்டையில் நடந்த கொலைகளை விசாரிக்கிற கோர்ட்டிலிருந்து வந்த இரண்டு ஆண்கள் என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். பழைய வேலையாட்கள் பட்டியலில் என் விலாசம் இருந்ததாம். நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தேன். திடீரென்று ஒருவர் கேட்டார்: “தரையைக் கழுவச் சொன்னது யார்?”

யாராவது சொன்னார்களா என்று கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். யார் சொன்னது என்றுதான் கேட்டார்கள். வாய் தானாகத் திறந்தது. “மேட்ரன் சொன்னாங்க.”

அவ்வளவுதான். பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதானே அவர்களும் சொல்லியிருந்தார்கள். போஸ்ட்மேனைக் கண்டால் வேறு வழியாகப் போவேன். கதவு தட்டினால் அடுக்களையில் போய் நிற்பேன். ராத்திரி உறக்கம் இல்லாமல் ஏப்பம் விட்டுக்கொண்டு கிடப்பேன். இப்படி ஆறு வருஷம் போயிற்று. பிறகுதான் மார்த்தாண்டத்துக்கு வரச் சொல்லி போன் வந்தது.

வக்கீலம்மா அரசாங்கத் தரப்பு மாதிரி, குற்றம் சாட்டுகிற பக்கம். அறுபதை நெருங்கிய வயது. விமானத்தில் வந்ததில் கால் வீங்கி ஷூவுக்குள் நுழையாததால், காலையில் சந்தைப் பக்கம் போய் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. தம்பியின் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள். அவர் தமிழுக்கு நானும் என் தமிழுக்கு அவரும் பழக அரை மணி நேரம் ஆனது.

பழைய வாக்குமூலத்தை ஒவ்வொரு பத்தியாக வாசித்தார்கள். வக்கீலம்மா இங்கிலீஷில் வாசிப்பார், தம்பி தமிழில் சொல்வார், நான் சரி என்பேன், அடுத்தது. சாயா வந்தபோது வக்கீலம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு பொதுவாகப் பேசினார்.

“அவ சொல்லுறா, பதினாறு வருசமா இந்த வேலையாம். இது நாலாவது நாடாம். ஒரு நாட்டையும் சண்டைக்கு முதல் பாத்ததில்லையாம்” என்றார் தம்பி. “தாய் செத்த நேரம் போனிலதான் பாத்தவவாம். அப்பவும் இப்பிடி ஒரு அறையில ஆரோ ஒராளிட்ட கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவ.”

“பாவம்” என்றேன். தம்பி அதை மொழிபெயர்த்தார். வக்கீலம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முப்பத்தோராவது பத்தி வந்தது. வாசிக்கும் முன் ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தார். முடியைக் குட்டையாக வெட்டி, கன்னம் ஒட்டி, மேட்ரன்.

“இவதானே?”

“ஓம்” என்றேன். பதற்றத்தில் தம்பியின் தமிழ் எனக்குத் தொற்றிவிட்டது.

“இவ இப்ப வேற நாட்டில மகளோட இருக்கிறா. அங்கத்தைய பொலிஸ் பாஸ்போர்ட்டை வாங்கி வைச்சிருக்கு. அம்மா, வடிவாக் கேளுங்கோ. வந்தவங்களின்ர கையில பேர்த்தாள் இருந்ததெல்லே? அதை உள்ளுக்குள்ள இருந்து ஆரோதான் குடுத்திருக்கவேணும். குடுத்த ஆள்தான் தடயத்தைக் கழுவவும் சொல்லியிருக்கும் எண்டு இவை நினைக்கினம். அப்பிடியெண்டால் இவவும் குற்றவாளிதான். அதுக்கு உங்கட இந்த ஒரு வசனம்தான் சாட்சி.”

லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஹாரன் நின்றது. பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து நேரே வராந்தாவுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஜங்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சா?”

“இல்ல.”

“பின்ன மூஞ்சி எதுக்கு இப்பிடி வெளுத்திருக்கு? ஏட்டி, பிரஷர் மாத்திரை போட்டியா?”

“மேட்ரனைப் பிடிக்கப் போறாவளாம்.”

“எந்த மேட்ரன்? பஸ்ஸில உனக்கு எடம் தந்தாவளே, அவியளா?”

“ஆமா. நான் சொன்னதினாலயாக்கும்.”

“நீ என்ன சொன்ன?”

“தரையைக் கழுவச் சொன்னது அவியதான்னு.”

“சொன்னாவளா?”

“இல்ல.”

அவர் கைப்பிடிச் சுவரை விட்டு நிமிர்ந்தார். “அப்ப ஆறு வருஷமா ராத்திரி ராத்திரி நெஞ்சைத் தடவிட்டு இருந்தது இதுக்கா? நான் வாயுன்னுல்லா நெனச்சேன். எவ்வளவு பூண்டு உரிச்சுத் தந்திருக்கேன்!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “இப்ப மாத்திச் சொன்னா என்னை ஜெயில்ல போடுவாவளா?”

“எனக்கு என்ன தெரியும்? நான் ரப்பர் வெட்டுதவன்.” மறுபடி ஜங்ஷனைப் பார்த்தார். “மிண்டாம வாயை மூடிட்டு இருந்தா நமக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நாலு மணிக்கு எறங்கினா பஸ்ஸைப் பிடிச்சிரலாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா நீ மிண்டாம இருந்தாலும் சும்மா இருக்கமாட்டியே. எனக்குப் பூண்டு உரிச்சு ஏலாது கேட்டியா. போ, போயி சொல்லீட்டு வா” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தாமதித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“யாரும் சொல்லல்ல. நானாத்தான் கழுவினேன்.”

தம்பி மொழிபெயர்க்கவில்லை. “திருப்பிச் சொல்லுங்கோ அம்மா” என்றார். திருப்பிச் சொன்னேன். மேட்ரன் வாசலில் நின்று கேட்டதையும், ஷூவைக் கழற்றினதையும் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். ஜன்னலோரப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டாள். கீழே ஹாரன் எதுவும் இல்லை.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டார்.

‘சிஸ்டர் சொன்னாங்க’ என்ற பதிலை விளக்கினேன். குளச்சல்காரி சொன்னதை அப்படியே சொன்னேன். தம்பி அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. வக்கீலம்மா முதலில் சிரித்தார். என்னை இளக்காரமாக நினைத்த சிரிப்பு மாதிரித் தெரியவில்லை. பிறகு உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த அறையில் அன்றைக்கு என்னைவிடக் களைத்தவர் அவர்தான்.

“அவ சொல்லுறா, தான் போன எல்லா நாட்டிலயும் ஆரோ ஒராள் கழுவியிருக்குதாம். ஒரு இடத்தில பள்ளிக்கூட வாட்ச்மேன். ஒரு இடத்தில ஜெயில் சமையல்காரர். எல்லாரும் மேல இருக்கிற ஆக்கள்தான் சொன்னது எண்டு சொல்லியிருக்கினம். தானும் எழுதியிருக்கிறாவாம்.” தம்பி நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “அதில எத்தினை உண்மை எண்டு இப்ப யோசிக்கிறாவாம்.”

எனக்கு ஜெயில் உண்டா என்று கேட்டேன். அதற்கெல்லாம் இல்லை, இப்போதே திருத்தியது நல்லது என்றார். நான் நம்பவில்லை. பிறகு அவர் மறைக்காமல் சொன்னார். இதனால் மேட்ரன் தப்பிப்பார். ஆனால் தாளோடு நின்றவனைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். ஒரு தடவை பொய் சொன்னவள் என்று எதிர்த் தரப்பு வக்கீல் என்னைப் பிடித்துக்கொள்வார். நான் சொல்கிற மற்றதையும் சந்தேகப்படுவார்கள்.

“அப்ப அந்த நாலு பேரு?”

தம்பி கேட்டுச் சொன்னார்: “தெரியாது எண்டு சொல்லுறா.”

முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்கள். அறையில் இருந்தவர் யார் யார் என்பதிலிருந்து. பஸ் போய்விட்டது.

ஒன்றரை வருஷம் கழித்துச் சாட்சி சொல்லப் போனேன். கோர்ட் எங்கேயோ இருந்தது. எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு அறையும் அதில் கோர்ட்டைக் காட்டுகிற ஒரு டிவியும். இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம். நான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கட்டின வெள்ளைப் புடவை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. அங்கே ஒரு ஆபீசர் கவர் ஒன்றைத் தந்து கையெழுத்து வாங்கினார். ஐந்து நாள் வேலை கெடும், அதற்கான படி, நாளுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

சத்தியம் செய்யப் பைபிள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு அட்டையில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார்கள். உண்மையை, முழு உண்மையை, உண்மையைத் தவிர வேறெதையும் இல்லை. ஏழாம் வகுப்பில் வாசித்த மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் நல்ல மனுஷர் மாதிரி இருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் கஷ்டம். நீங்கள் முதலில் சொன்னது பொய்யா? பொய். கையெழுத்துப் போட்டீர்களா? போட்டேன். பதினான்கு இடத்திலும்? ஆமாம். அப்படியானால் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? தெரியாது என்றேன். துணி வண்டிக்குப் பின்னால் இருந்து முழு முகமும் தெரியுமா? தெரிந்தது என்றேன். தோட்டாக் கூட்டை என்ன செய்தீர்கள்? குப்பையில் போட்டேன். யார் சொல்லி? யாரும் சொல்லாமல்.

இரண்டாம் நாள் மதியம் கடைசியாகக் கேட்டார். சாட்சி சொல்ல உங்களுக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

அன்றைக்கே என்னை முடித்து அனுப்பப்போகிறார்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். மிச்ச மூன்று நாள் காசு என்னுடையதல்ல, சாயந்தரம் ஆபீசரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முன்பே மனசில் வைத்திருந்தேன். அதனால், “ரெண்டு நாள் படி, ரெண்டாயிரத்து எழுநூறு ரூபாய்” என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜட்ஜ் ஒருவர், வயதான பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டார். யாரும் சொல்லாதபோது எதற்காகக் கழுவினீர்கள்? தரையில் ரத்தம் கிடந்தது, என் கையில் மாப் இருந்தது என்றேன்.

வெளியே வந்தபோது ஆபீசர் ரயிலுக்குப் போய்விட்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து வக்கீலம்மா போன் செய்தார், தம்பி நடுவில். மேட்ரனின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர்மேல் எதுவும் இல்லை. தாளோடு வந்தவனுக்கு வேறு ஊர்களில் செய்ததற்காகத் தண்டனை கிடைத்திருக்கிறது. எங்கள் வார்டு மட்டும் நிரூபணமாகவில்லை. சாட்சி ஒருத்திதான், அவளும் மாற்றிச் சொன்னவள், தடயம் எதுவும் மிஞ்சவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதாம். அந்த நாலு பேருக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை. வக்கீலம்மா வேலையை விட்டுவிட்டாராம். இனிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறாராம்.

“கால் வீக்கம் கொறஞ்சிட்டா?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வாய் வந்தது.

தம்பி சிரித்துக்கொண்டே கேட்டுச் சொன்னார். “அந்தச் செருப்பு இன்னும் வைச்சிருக்கிறாவாம்.”

மேட்ரனிடமிருந்து எதுவும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. அவரைப் பற்றி அப்படிச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. வார்டில் வேறு எவள் தரை துடைத்தாள், தெரியாமல் இருக்குமா என்று நினைத்தால் மறுபடி ராத்திரி உறக்கம் போகும். வீட்டுக்காரர் பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கவர், மிச்ச மூன்று நாள் காசோடு, அலமாரியில் புடவைக்கடியில் இருக்கிறது. அதே போனில் கேட்டேன். “அம்மா, அதை ஆரும் கேக்கமாட்டினம், நீங்கள் வைச்சிருங்கோ” என்றார் தம்பி. எப்படி வைத்திருப்பது? அட்டையைப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டு இரண்டு நாள் படி என்று சொன்னவள் நான். காசு என்னிடம் இருக்கிறவரை அது இன்னொரு பொய், இந்தத் தடவை மேட்ரன்மேலும் போட முடியாது. இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, வழக்குக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது என்று அச்சடித்த கடிதம் வந்தது. பாங்கில் கேட்டால், கோர்ட் இருக்கிற நாட்டுக்கு அனுப்ப என்னென்னவோ தாள் வேண்டுமாம்.

“சபை காணிக்கையில போட்டிரு” என்கிறார் வீட்டுக்காரர்.

“கடவுளுக்கா நான் தரணும்? கோர்ட்டுக்குல்லா.”

“அப்ப அந்தக் கோர்ட் வந்து கேக்குதது வரை நீ உறங்கமாட்ட.”

பிப்ரவரியில் மரம் இலை உதிர்ந்து வெட்டு நின்றபோது அரிசிக்காக அதிலிருந்து ஐந்நூறு எடுத்தேன். வெட்டு தொடங்கிய முதல் சம்பளத்தில் திருப்பி வைத்துவிட்டேன். நேற்றும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நான் அவர்களுக்கு இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து ஐம்பது ரூபாய்.